எதிரே வருபவர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மற்றவர்களிடம் இருந்தால் அது குணக்கேடு, என்னிடம் இருப்பது உத்தியோகம். பொது இடங்களில் வைக்கிற கருவிகள் மனிதர்களைப் பற்றி எதையாவது திருட்டுத்தனமாகச் சேர்த்து வைக்கின்றனவா, பிறப்பை வைத்து ஆளைப் பிரிக்கின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தரும் அரசுத் துறையில் நான் தணிக்கை அதிகாரி. பேருந்து நிலையத்துக் கேமராவானாலும் சரி, மருத்துவமனை வாசலில் காய்ச்சல் பார்க்கும் கம்பமானாலும் சரி, பொற்கொடி என்ற என் கையெழுத்து விழாமல் ஓடாது. டீக்கடைக்காரர் ஒரு சிரிப்புக் கூடுதலாகச் சிரித்தால்கூட டீயை முகர்ந்து பார்ப்பவள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அதில் பொய் இல்லை.

அப்படிப்பட்ட என்னைப் போய் ஒரு கலைக்கண்காட்சிக்கு அனுப்பிவைத்தார்கள்.

வடசென்னையில் வெகுகாலமாக மூடிக் கிடந்த சைக்கிள் தொழிற்சாலை ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஊரே பேசும்படி ஒரு பெரிய கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 'அதிகாரமும் அடையாளமும்' என்பது பொருள். உள்ளே நுழைந்ததும் ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் ஓர் அதிகாரியின் நாற்காலி, அதன் முதுகில் போட்ட துண்டோடு. அடுத்து, அடையாள அட்டைகளைக் கோத்துச் செய்த திரைச்சீலை. இன்னோர் அறை முழுக்க இருட்டு, நீதிமன்ற டவாலிகள் யார் யார் பெயரையோ மும்முறை கூவும் குரல்கள். என் பெயரும் ஒருமுறை வந்தது. திடுக்கிட்டு நின்றேன். ஊரில் எத்தனையோ பொற்கொடிகள் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கு வேலை இருந்தது கடைசிக் கூடத்தில். அங்கே இருந்த படைப்பின் பெயர் 'எதிரே வருபவர்'. செய்தவர் இளங்கண்ணன். நரைத்த தாடி, கசங்கிய சட்டை, கை நகங்களுக்குள் சாயம். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர்.

படைப்பு இதுதான். ஒரு நீண்ட நடை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆகவேண்டிய அகலம். தரையில் சாம்பல் நிற ஓடுகள், மிதித்தால் லேசாக அமுங்குகிற மாதிரி. நீங்கள் ஒரு முனையில் இருந்து நடக்கும்போது, மறுமுனைத் திரையில் ஓர் ஆள் உங்களை நோக்கி நடந்து வருவார். ஆளுயரம், அசல் மனிதர் போலவே. சலவை வேட்டியும் துண்டுமாக ஒரு பெரிய மனிதர், அல்லது காவல்துறை அதிகாரி, அல்லது கோப்போடு வரும் ஓர் அரசு அதிகாரி. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் உங்கள் நிழல் விழும். அது விளக்கு போடுகிற நிழல் அல்ல, கருவி வரைகிற நிழல். நீங்கள் ஒதுங்கினால் அது சிறுக்கும். ஒதுங்காவிட்டால் வளரும். அதை நீங்கள் பார்க்க முடியாது. மாடத்தில் நிற்கும் பார்வையாளர்கள்தான் பார்ப்பார்கள்.

"நாம பேசுனா எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சிடுதில்ல மேடம்? அந்த மாதிரி உடம்புக்கும் ஒரு பேச்சு இருக்கு" என்றார் இளங்கண்ணன். "எதிர்ல பெரிய ஆள் வந்தா ஒருத்தர் தோளைச் சுருக்குவாரு. ஒருத்தர் மடிச்சுக் கட்டுன வேட்டியை இறக்கி விடுவாரு. ஒருத்தர் இடிச்சுக்கிட்டே போவாரு. யாரும் யோசிச்சுச் செய்யறதில்ல. சின்ன வயசுல உடம்புல ஏறுனது. தரை அதைப் படிக்குது."

"படிச்சதை எங்க சேத்து வைக்குது?"

"எங்கயும் இல்ல. நீங்க தாண்டுனதும் மறந்துடும்."

நான் நம்பவில்லை. கருவியைப் பிரித்து, ஒவ்வொரு இணைப்பாகத் துருவிப் பார்த்தேன். நானே ஒருமுறை நடந்தும் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஒரு துளிகூடச் சேமிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நான் வேலை செய்யும்போதெல்லாம் சுதர்சன் வந்து எட்டிப் பார்ப்பார். வெண்குடில் என்ற அடுக்குமாடி நிறுவனத்தின் மேலாளர். இந்தப் படைப்புக்கு ஆன செலவு முழுக்க அவர்களுடையது. நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். நடையின் ஓரமாக மின்கம்பிகளை மூடிப் போட்டிருந்த மரப்பலகை மேலேயே வருவார், போவார். ஷூ பட்டால் ஓட்டில் கோடு விழுந்துவிடுமாம். அடுத்தவர் பொருளை இவ்வளவு பத்திரமாகப் பார்க்கிற ஆளா என்று எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பே வந்தது. என் புத்தியை என்ன சொல்ல.

திறப்பு விழாவுக்கு முன் சோதனைக்காகச் சிலரை அழைத்து நடக்கவிட்டோம். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. மேடையில் புரட்சி பேசும் வக்கீல் ஒருவர் காவல் அதிகாரி உருவத்தைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார், நிழல் குழந்தை அளவுக்குச் சுருங்கியது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த மின்பணியாளர் திரையில் பெரியவர் வருவதைப் பார்த்துச் சட்டென்று லுங்கியை இறக்கிவிட்டார். அப்புறம் வெறும் படம் என்று உறைத்ததும், "த்தூ, எனக்கு வேற வேலையில்ல" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி மடித்துக் கட்டினார். மாடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

தமிழ்க்கனி நடந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டி அவள். கவின்கலைக் கல்லூரியில் படித்தவள், வாய் ஓயாத பெண். நிமிர்ந்த தலையோடு, கைவீசி நடந்தாள். எதிரே பெரிய மனிதர் வந்தார். இவள் இம்மியும் ஒதுங்கவில்லை. நிழலும் நிமிர்ந்தே நின்றது. ஆனால் அதன் ஓரத்தில் இன்னொரு கோடு தெரிந்தது. வெளிறிய இரண்டாவது நிழல் ஒன்று, முதல் நிழலுக்குப் பின்னால், தோளைக் குறுக்கிக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"விளக்குக் கோளாறு" என்றார் இளங்கண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னால் எனக்கு அன்று சோறு இறங்காது. மறுநாள் விளக்குகளை எல்லாம் மாற்றச் சொன்னேன். மற்ற வழிகாட்டிகளை நடக்கவைத்தேன். ஒருவருக்கு நிழல் சிறுத்தது, ஒருவருக்கு வளர்ந்தது, ஓரம் ஒன்றுதான். கனியை மறுபடி நடக்கச் சொன்னேன். இரட்டை ஓரம். விளக்கை மாற்றினாலும், திரை ஆளை மாற்றினாலும் அது அவளோடேயே வந்தது. கோளாறு விளக்கில் இல்லை.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் கனி என்னைத் தேடி வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"மேடம், உங்களுக்கு சுதர்சன் சாரைப் பழக்கம்தானே? ஒரு வார்த்தை கேக்க முடியுமா? நானும் ரூபனும் கல்யாணத்துக்கு அப்புறம் இருக்க வெண்குடில்ல ஒரு வீடு பாத்தோம். வங்கிக் கடன் கெடச்சாச்சு, எல்லாம் சரின்னு சொன்னாங்க. மாதிரி வீட்டைச் சுத்திக் காட்டினாங்க. மறுநாள் போன் பண்ணி இல்லைன்னுட்டாங்க."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'குடியிருப்போட ஒத்துப்போற மதிப்பு கம்மியா இருக்கு'ன்னாங்க. அப்படின்னா என்ன மேடம்? நாங்க என்ன ராத்திரியெல்லாம் தவில் அடிக்கவா போறோம்? ரூபனோட அம்மா வேற, 'உன்கிட்ட என்னம்மா குறை கண்டாங்க'ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?" அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "அந்த வீட்டு வாசல்லயும் இதே ஓடுதான் மேடம். கால் வச்சதுமே தெரிஞ்சிடுச்சு. நாள் முழுக்க இதுலதானே நடக்குறேன்" என்றாள்.

பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன்.

இளங்கண்ணனைத் தேடிப் போனேன். அவர் நாற்காலிச் சிற்பத்துக்கு அடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டார்.

"அந்த ரெண்டாவது நிழல் என்ன? இப்பவும் விளக்குக் கோளாறுன்னு சொன்னீங்கன்னா இந்தக் கூடத்துக்கே பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "கொஞ்சப் பேரோட உடம்பு ஒதுங்க ஆரம்பிக்கும் மேடம். ஆரம்பிச்ச அந்த நொடியிலயே அவங்க மனசு அதைப் பிடிச்சு நிறுத்திடும். வெளிய பாக்க நிமிந்துதான் நடப்பாங்க. அவங்களுக்கே தெரியாது. ஆனா பாதத்துல எடை ஒரு கணம் ஓரத்துக்குப் போயிட்டுத் திரும்பும். தரை அதையும் படிச்சிடுது. நான் அப்படிச் செய்யச் சொல்லல. அதுவாக் கண்டுபிடிச்சுக்கிச்சு."

"அதாவது, நிமிரக் கத்துக்கிட்டவங்களை."

"ஆமா. ஒதுங்கி நிக்க வச்ச குடும்பத்துல பொறந்து, ஒதுங்க மாட்டேன்னு முடிவு பண்ணவங்களை. எனக்கு அது அழகா இருந்துச்சு மேடம். எப்பேர்ப்பட்ட விஷயம் பாருங்க, ஒரு மனுஷன் தன் உடம்போட சண்டை போட்டு ஜெயிக்கிற அந்த ஒரு நொடி! நான் இதைச் செஞ்சதே அதிகாரம் பண்றவங்களைக் காட்டத்தான். ஆனா அவங்க நிழல்ல பாக்க ஒண்ணுமே இல்ல. சும்மா நட்டு வச்ச கம்பு மாதிரி நிக்குது."

"நீங்க நடந்திருக்கீங்களா?"

"நடந்தேன். என் நிழல் ஒத்தை நிழல்தான், இன்னும் குனிஞ்சுதான் இருக்கு. எங்க ஊரு, எங்க தெரு எல்லாம் என் ஒவ்வொரு படைப்புலயும் எழுதித்தான் வச்சிருக்கேன். நான் எதையும் மறைக்கல."

"மறைச்சவங்க என்ன ஆவாங்கன்னு யோசிச்சீங்களா? இதை யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் தலை தாழ்ந்தது. "சுதர்சன்கிட்ட. ஒருநாள் வந்து அவ்வளவு ஆர்வமா கேட்டாரு. ரெட்டை ஓரம் எப்ப வருது, யாருக்கு வருது, தடுக்க முடியுமான்னு. என் வேலையைப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள்னு நெனச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பாராட்டுக்கு ஏங்குகிறவர்களின் வாயை மூடுவது கடினம். அவர்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேரே சுதர்சனின் அறைக்குப் போனேன்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். நான் கனியின் வீட்டைப் பற்றிக் கேட்டதும் சுற்றி வளைக்கவில்லை.

"சாதி என்னன்னு நாங்க யாரையும் கேக்கறதில்ல மேடம். கேட்டா சட்டப்படி தப்பு. எங்க முதலாளி கேக்கறது ஒண்ணுதான், 'வர்றவங்க ஏற்கெனவே இருக்கிறவங்களோட ஒத்துப்போவாங்களா?' சோதனைக்குப் போட்ட இந்தத் தரையில மாதிரி வீட்டுக்குள்ள நடந்து வருவாங்க, எதிர்ல எங்க பெரிய ஆள் ஒருத்தர் வருவாரு. வரவேற்புல ஒரு விளக்கு பச்சையா எரியும், ரெட்டை ஓரம் வந்தா மஞ்சளா எரியும். எதையும் சேமிக்கலை. அதை நீங்களே சோதிச்சுட்டீங்களே."

"சேமிக்கலைதான். பிரிக்குது. பிறப்பை வச்சுப் பிரிக்கிற எந்தக் கருவிக்கும் அனுமதி கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்."

"அது ரெட்டை ஓரத்துக்கு நீங்க சொல்ற அர்த்தத்தைப் பொறுத்தது. விளக்குக் கோளாறுன்னு எழுதிட்டீங்கன்னா அது கோளாறு. நாளைக்குக் கண்காட்சி திறக்குது. உங்க சான்றிதழ் கையில வந்ததும் எங்க எல்லாக் குடியிருப்பு வாசல்லயும் இந்தத் தரையைப் போடறோம். இனி வீடு வாங்க வர்றவங்க மட்டும் இல்ல, குடியிருக்கிறவங்க, விருந்தாளிங்க எல்லாரும் இதுலதான் நடப்பாங்க. எங்க இடம் நல்ல இடம் மேடம். நானே அங்கதான் இருக்கேன். என் பொண்ணு அந்தப் பூங்காவுலதான் நடை பழகுறா."

"நான் கோளாறுன்னு எழுத மாட்டேன்."

அவர் தம் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் இன்னும் மெலிந்தது.

"போன வாரம் நீங்க சோதனைக்காக நடந்தப்போ நான் மாடத்துல இருந்தேன். உங்க நிழலை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பாக்க முடியாதில்ல. அதுலயும் ரெட்டை ஓரம் இருந்துச்சு மேடம். நான் யார்கிட்டயும் சொல்லலை. கோளாறாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். கோளாறுன்னே வச்சுக்கலாமா?"

மிரட்டலை இவ்வளவு மரியாதையாக நான் கேட்டதில்லை.

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். நானா? யாருக்கும் ஒதுங்காதவள் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியவள். ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் எழுத்தர். சொந்த ஊர் எது என்று கேட்டால், "நமக்கு ரயில்வேதான் ஊரு" என்பார். விடுமுறைக்கு நாங்கள் எந்த ஊருக்கும் போனதில்லை. என்னைப் பார்க்க எந்தத் தாத்தாவும் வந்ததில்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் இதைப் பற்றி ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தொழிற்சாலை முற்றத்தில் காரை நிறுத்தியிருந்தேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மா போன பிறகும் அவர் ஜோலார்பேட்டையை விட்டு வரவில்லை.

"என்னம்மா, இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா. ஒண்ணு கேக்கணும். நம்ம சொந்த ஊரு எது?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"யாரும்மா கேட்டது?"

என் அப்பாவின் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. யார் கேட்டது என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"யாரும் கேக்கலப்பா. நான்தான் கேக்குறேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "உங்க தாத்தா வரப்புல நடந்து போவாரு. எதிர்ல அவங்க யாராச்சும் வந்தா, வரப்பை விட்டுச் சேத்துல இறங்கி நிப்பாரு. செருப்பைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்குவாரு. என்னையும் கையைப் புடிச்சு இறக்குவாரு. ஒரு தடவை புதுச் சட்டை போட்டிருந்தேன்மா. அன்னைக்கும் இறக்குனாரு. வேலை கெடச்சு வந்தப்புறம் நான் திரும்பிப் பாக்கல. எம்பொண்ணு எவனுக்கும் இறங்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்ளோதான். தப்பாம்மா?"

"இல்லப்பா."

"நீ இறங்கலைல்ல?"

"இல்லப்பா. இறங்கல."

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரயில்வே நடைமேடையில் நடப்பார். ஸ்டேஷன் மாஸ்டர் எதிரே வந்தால் நிமிர்ந்து வணக்கம் சொல்லச் சொல்லுவார். "நிமிந்து நட, ஒதுங்காத" என்பார். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு கணம் முன்னால் அவர் கை என்னை ஓரத்துக்கு லேசாக இழுக்கும். உடனே அந்தக் கை இறுகி நின்றுவிடும். வாய் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். கை சொன்னதை உடம்பு வைத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கனி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இளங்கண்ணன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், அது கோளாறு இல்லைன்னு காட்ட ஒரு ஆள் வேணும்ல? 'இது என் நிழல்தான், காரணம் இது'ன்னு யாராச்சும் சொன்னாத்தானே சான்று ஆகும்? நான் வேணா சொல்லட்டுமா?"

"ரூபனோட அம்மாவுக்குத் தெரியுமா?"

"ரூபனுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது." அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியல."

"அப்ப நீ சொல்ல வேணாம். எப்ப, யார்கிட்ட சொல்றதுன்னு முடிவு பண்ண வேண்டியது நீ. தரை இல்ல. நான் ஆள் பிடிச்சுட்டேன்."

"யாரு மேடம்?"

நான் உள்ளே போனேன். அறிக்கையைக் காலையிலேயே துறைக்கு அனுப்பியாகிவிட்டது. இரட்டை ஓரம் விளக்குக் கோளாறு அல்ல, பிறப்பை வைத்து ஆளைப் பிரிப்பது, அனுமதி மறுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தேன். அதற்குச் சான்று தேவைப்பட்ட இடத்தில் என் பெயரையும், தாத்தா வரப்பை விட்டு இறங்கியதையும் எழுதினேன். அப்பாவிடம் கேட்காமல் எழுதியது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

சுதர்சன் கூடத்தில் தனியாக நின்றார். கையில் போன். செய்தி வந்துவிட்டது போலிருந்தது.

"உங்களையே எழுதிட்டீங்களா?" என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "நாளைக்கு ஆபீஸ்ல, அக்கம்பக்கத்துல உங்களை எப்படிப் பாப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். பயமாத்தான் இருக்கு."

"எங்க முதலாளி சும்மா விட மாட்டாரு. மேல போவாரு. வேற அதிகாரி வருவாரு, கையெழுத்துப் போடுவாரு. நீங்க சொன்னது வீணாப் போயிடும் மேடம்."

சொல்லிக்கொண்டே அவர் என் பக்கம் வந்தார். சட்டென்று எனக்கு உறைத்தது. அவர் பலகை மேல்தான் வந்தார். அன்று அவர் காலில் ஷூ இல்லை. குத்துவிளக்கு ஏற்றும் இடம் என்று எல்லோரையும் போல வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருந்தார். வெறுங்கால் ஓட்டில் என்ன கோடு போடும்? இத்தனை நாளில் ஒருமுறை, ஒரே ஒருமுறைகூட, இந்த மனிதர் தரையில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. இரட்டை ஓரம் எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது, தடுக்க முடியுமா என்று இளங்கண்ணனை அவர் ஏன் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டார் என்பதும் புரிந்தது. மாடத்தில் நின்ற அத்தனை பேரும் வெறும் கோடாகப் பார்த்ததை அவர் மட்டும் ஏன் சரியாகக் கண்டுகொண்டார் என்பதும்.

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

"சுதர்சன்" என்றேன். சார் போடவில்லை. "வேற அதிகாரி கையெழுத்துப் போட்டா, உங்க குடியிருப்பு வாசல்லயும் இந்தத் தரை வந்துடும் இல்ல?"

பலகை மேலேயே அவர் கால் நின்றது.

"அங்க ஓரத்துல பலகை போட மாட்டாங்க."

அவர் கீழே குனிந்து பலகையைப் பார்த்தார்.

"உங்க பொண்ணைக் கையைப் பிடிச்சுத்தானே பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அந்தக் குழந்தையை நினைத்துத்தான் கேட்டேன். "எதிர்ல உங்க முதலாளி வந்தா, உங்க கை அவளை என்ன பண்ணுது?"

"நிமிந்து வணக்கம் சொல்லுன்னுதான் சொல்லித் தர்றேன்" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பாவும் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தாரு. இந்தத் தரை வருதுன்னு தெரிஞ்சதும், இதை நானே பாத்துக்கறேன்னு முன்னால வந்து நின்னேன் மேடம். பக்கத்துலயே இருந்தா நம்மளை யாரும் நடக்கச் சொல்ல மாட்டாங்கன்னு."

வெளியே நாதஸ்வரம் தொடங்கியது. விருந்தினர்கள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மாடத்தில் செய்தியாளர்களைக் கனி அழைத்து வந்து நிறுத்திக்கொண்டிருந்தாள். கருவியை இன்னும் யாரும் அணைக்கவில்லை. திரையில் சலவை வேட்டிப் பெரிய மனிதர் எங்களைப் பார்த்துக்கொண்டு, நடக்கத் தயாராக நின்றார்.

நான் தரையில் கால் வைத்தேன். ஓடு லேசாக அமுங்கியது. எதிரே திரை மனிதர் நடக்கத் தொடங்கினார்.

"ஒரு ஆள் சொன்னா வேற அதிகாரி வந்து கோளாறுன்னு எழுதிடலாம்" என்றேன், திரும்பிப் பார்க்காமல். "ரெண்டு ஆள் சொன்னா கஷ்டம்."

நான் நடந்தேன். சில அடிகள் போன பிறகு, எனக்குப் பின்னால் பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. வெறுங்கால் ஒன்று ஓட்டில் பதியும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை என்னால் பார்க்க முடியவில்லை. மாடத்தில் இருந்த கனியைத்தான் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற செய்தியாளர் அவளிடம் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது.

"ரெண்டு பேர்தானே நடக்குறாங்க? ஏம்மா நாலு நிழல் தெரியுது?"